வெகுமதிப் புள்ளிகளைக் கொண்டு குடும்பத்துக்கு நகர விடுதி தேர்ந்தெடுப்பது எப்படி

விடுதிக் குழுமங்களின் வெகுமதித் திட்டங்களில் சேர்த்து வைத்த புள்ளிகளைக் கொண்டு குடும்பத்தோடு ஒரு பெருநகரத்தில் சில நாள் தங்க நினைப்பவர்களில் பலர், செயலியைத் திறந்து எந்த விடுதி குறைந்த புள்ளிக்குக் கிடைக்கிறது என்று பார்ப்பதிலிருந்து தொடங்குகிறார்கள். இந்த வரிசையைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. எத்தனை பேர் அந்த அறையில் தங்க அனுமதி உண்டு என்பது முதலில்; விடுதி நகரத்தின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பது அடுத்து; எத்தனை புள்ளி என்பது அதற்கும் பிறகு. தனியாகவோ இருவராகவோ பயணம் செய்பவர்களுக்கு இந்த வரிசை மாறினாலும் பெரிய இழப்பு நேராது. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு, மலிவாகக் கிடைத்த அறை கூடுதல் அறைக்கும் வாடகைக் காருக்கும் நான்கு பேரின் காலை உணவுக்கும் பணம் கேட்கத் தொடங்கும்போது, மிச்சப்படுத்திய புள்ளிகளுக்குப் பொருளே இல்லாமல் போகிறது.

எத்தனை பேர், எந்த அறை

புள்ளிகளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் அந்த விடுதியின் அடிப்படை அறைதான். அந்த அடிப்படை அறை எப்படி இருக்கும் என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது. அமெரிக்க நகரங்களில் இரண்டு பெரிய கட்டில்கள் போட்ட, நான்கு பேர் தங்கக்கூடிய அறை சாதாரணமாகவே கிடைக்கும். ஐரோப்பாவின் பழைய நகரங்களிலும் ஜப்பானிய நகரங்களிலும் அடிப்படை அறை இரண்டு பேருக்கானதாகவே இருப்பது வழக்கம்; மூன்றாவது ஆளுக்குக் கூடுதல் கட்டில் போட இடம் இருக்காது, இடம் இருந்தாலும் தீப்பாதுகாப்பு விதி இடம் தராது. பெற்றோர் இருவரும் இரண்டு பிள்ளைகளும் கொண்ட குடும்பம் ஓர் அறையில் தங்க முடியுமா என்ற கேள்விக்கு விடை தெரியாமல் புள்ளிக் கணக்கைத் தொடங்குவதில் பயனில்லை.

ஆகவே தேடும்போதே பெரியவர்களின் எண்ணிக்கையையும் குழந்தைகளின் எண்ணிக்கையையும் வயதையும் உள்ளபடியே பதிவு செய்ய வேண்டும். இரண்டு பேர் என்று போட்டால் நிறைய அறைகள் காலியாகத் தெரியும், நான்கு பேர் என்று போட்டவுடன் பாதி மறைந்துவிடும் என்பதற்காகச் சிலர் குழந்தைகளை விட்டுவிட்டு முன்பதிவு செய்கிறார்கள். அப்படிச் செய்வதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். விடுதி நிறைந்திருக்கும் இரவில் வரவேற்பு மேசையில் இருப்பவர் இரண்டாவது அறை எடுத்தாக வேண்டும் என்று சொன்னால், அன்றைய பண வாடகையைக் கொடுப்பதைத் தவிர வேறு வழி இருக்காது. குழந்தை என்று எந்த வயது வரை கணக்கிடுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்; சில விடுதிகள் 12 வயதிலேயே பெரியவராகக் கொள்கின்றன, சில 17 வயது வரை குழந்தையாகவே கொள்கின்றன.

ஓர் அறை போதாது என்றால் மூன்று வழிகள் உண்டு. முதலாவது, இரண்டு அடிப்படை அறைகள். புள்ளிச் செலவு இரட்டிப்பாகும் என்பதோடு, இரண்டு அறைகளுக்கும் நடுவே உட்கதவு இருக்குமா என்பது தனிக் கேள்வி. பக்கத்துப் பக்கத்து அறைகள் வேறு, உட்கதவால் இணைந்த அறைகள் வேறு. சிறு குழந்தைகள் இருக்கும் குடும்பத்துக்கு முதல் வகையால் பயன் குறைவு. ஹில்டன் குழுமம் 2021-இல் இணைந்த அறைகளை முன்பதிவின்போதே உறுதிசெய்யும் வசதியைக் கொண்டுவந்தது. மற்ற பல இடங்களில் அது வெறும் வேண்டுகோளாகவே பதிவாகிறது. வேண்டுகோள் நிறைவேறாமலும் போகலாம் என்பதால், விடுதிக்கு நேரடியாக எழுதி, பதிலை எழுத்தில் பெற்ற பிறகே அதை நம்ப வேண்டும்.

இரண்டாவது வழி, கூடுதல் புள்ளி கொடுத்துப் பெரிய அறையோ, முன்னறையும் சேர்ந்த தொகுப்பறையோ (சூட்) எடுப்பது. இங்கே மிகுந்த கவனம் தேவை. அடிப்படை அறைக்குக் கேட்கும் புள்ளியும் அதற்கு மேற்பட்ட அறைக்குக் கேட்கும் புள்ளியும் ஒரே விகிதத்தில் ஏறுவதில்லை. பண வாடகையில் சிறிய வேறுபாடே இருக்கும் இரண்டு அறைகளுக்கிடையே புள்ளிக் கணக்கில் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு இடைவெளி இருப்பதைப் பல திட்டங்களில் காணலாம். அந்த நிலையில் பெரிய அறையைப் பணத்துக்கு எடுத்துவிட்டு, புள்ளிகளை வேறு பயணத்துக்கு வைத்துக்கொள்வதே நல்லது.

மூன்றாவது வழியை நான் மற்ற இரண்டுக்கும் மேலாக வைப்பேன்: அடுக்ககப் பாணி விடுதிகள். மேரியட்டின் ரெசிடன்ஸ் இன், ஹில்டனின் ஹோம்வுட் சூட்ஸ், ஐஎச்ஜியின் ஸ்டேபிரிட்ஜ் சூட்ஸ் போன்றவை நீண்ட நாள் தங்குபவர்களுக்காக அமைக்கப்பட்டவை. அறைக்குள்ளேயே சமையல் வசதி இருக்கும், காலை உணவும் வாடகையில் அடங்கிவிடும். ஹில்டனின் எம்பஸி சூட்ஸ் விடுதிகளில் பெரும்பாலும் படுக்கையறை தனி, முன்னறை தனி. குழந்தைகள் தூங்கிய பிறகு பெற்றோர் இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. இந்த விடுதிகளின் முகப்பில் பளிங்கோ பெயர் பெற்ற உணவகமோ இருக்காது. ஆனால் இரவு ஒன்பது மணிக்குக் கைக்குழந்தைக்குப் பால் காய்ச்ச வேண்டியிருக்கும் தாய்க்கு அந்தச் சிறு அடுப்பு தரும் நிம்மதியை எந்த முகப்பும் தராது.

நகரத்தின் எந்தப் பகுதி

விடுதியின் பெயரில் நகரத்தின் பெயரோ ‘மையம்’ என்ற சொல்லோ இருப்பதை மட்டும் நம்பக் கூடாது. முகவரியை வரைபடத்தில் வைத்து, நீங்கள் போக நினைக்கும் மூன்று, நான்கு இடங்களுக்கு அங்கிருந்து எவ்வளவு நேரம் ஆகும் என்பதைக் காலை நேரத்துக்கும் இரவு நேரத்துக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். குழந்தைகளோடு போகிறவர்கள் நண்பகலில் ஒரு முறை அறைக்குத் திரும்பி, ஓய்வெடுத்துவிட்டு மறுபடி கிளம்புவது வழக்கம் என்பதால், ஒரு நாளைக்கு இரண்டு பயணம் நான்காகிவிடுகிறது. ஒரு வழிக்கு 40 நிமிடம் என்றால் அந்த நண்பகல் ஓய்வு நடைமுறையில் இல்லாமலே போய்விடும்.

மெட்ரோ நிலையம் அருகில் இருந்தால் மட்டும் போதாது. அந்த நிலையத்தில் மின்தூக்கி இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். லண்டன் பாதாள ரயிலின் 272 நிலையங்களில் படியேறாமல் போய்வரக்கூடியவை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். பாரிஸில் 14-ஆம் தடம் முழுவதும் மின்தூக்கி வசதி கொண்டது; பழைய தடங்களின் பெரும்பாலான நிலையங்களில் அது இல்லை. தள்ளுவண்டியும் இரண்டு பெட்டிகளும் வைத்திருப்பவருக்கும், முழங்கால் வலியுள்ள தாத்தா பாட்டிக்கும் இது விடுதியின் நட்சத்திர எண்ணிக்கையைவிடப் பெரிய செய்தி. மாறாக, போக்குவரத்துக் கட்டணம் குறைவாக இருக்கும் நகரத்தில் சற்றுத் தள்ளித் தங்குவது தவறில்லை. லண்டனில் 11 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் பெரியவர்களோடு பாதாள ரயிலில் இலவசமாகவே போகலாம் என்பதால், படியில்லாத நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சற்றுத் தொலைவான விடுதி அங்கே நல்ல தேர்வு.

வணிகப் பகுதிகளில் இருக்கும் விடுதிகளை வார இறுதியில் பார்க்கலாம். அலுவல் பயணிகள் இல்லாத அந்த இரவுகளில் வாடகையும், அதைப் பின்தொடரும் புள்ளிக் கணக்கும் இறங்குவது உண்டு. ஆனால் சுற்றியுள்ள கடைகளும் உணவகங்களும் அதே நாள்களில் மூடியிருக்கக்கூடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

புள்ளியா, பணமா

இடமும் அறையும் முடிவான பிறகு மூன்று அல்லது நான்கு விடுதிகள் மிஞ்சும். அவற்றைப் பணத்துக்கு எடுப்பதா, புள்ளிக்கு எடுப்பதா என்பதை ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கணக்கிட வேண்டும். கணக்கு எளியதுதான்: வரியும் கட்டணங்களும் உட்பட மொத்தப் பண வாடகையிலிருந்து, புள்ளிக்கு எடுத்தாலும் கையிலிருந்து கட்டவேண்டிய கட்டணங்களைக் கழித்து, மிஞ்சியதைக் கேட்கப்படும் புள்ளிகளால் வகுக்க வேண்டும். ஓர் இரவுக்கு வரியும் கட்டணமும் உட்பட 250 டாலர் வாடகையும், புள்ளிக்கு எடுத்தாலும் அதில் 30 டாலர் கட்டணமும், 40,000 புள்ளிகளும் கேட்கும் விடுதியில் ஒரு புள்ளியின் மதிப்பு 220-ஐ 40,000-ஆல் வகுத்தால் வரும் 0.55 சென்ட் (100 சென்ட் ஒரு டாலர்). பணம் கொடுத்துத் தங்கினால் புதிய புள்ளிகள் சேரும் என்பதையும் விட்டுவிடக் கூடாது. மேரியட், ஹில்டன் ஆகியவற்றின் பெரும்பாலான விடுதிகளில் செலவிடும் ஒரு டாலருக்கு 10 அடிப்படைப் புள்ளிகள் சேர்கின்றன. வரிக்கு முந்தைய வாடகை 200 டாலர் என்றால் 2,000 புள்ளிகளை இழக்கிறோம். ஆகவே உண்மையான செலவு 42,000 புள்ளிகள், மதிப்பு 0.52 சென்ட்.

இந்தக் கணக்கில் பலர் சறுக்குவது, எந்தப் பண வாடகையோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான். புள்ளி முன்பதிவைப் பொதுவாகக் குறிப்பிட்ட நாள் வரை இழப்பின்றி ரத்து செய்யலாம். அதனால் ரத்து செய்யக்கூடிய பண வாடகையோடுதான் அதை ஒப்பிட வேண்டும். ஆனால் பயணம் உறுதியாகிவிட்டது, ரத்து செய்யும் வாய்ப்பே இல்லை என்றால், முன்கூட்டியே கட்டும் மலிவு வாடகைதான் உங்களுக்கு உரிய ஒப்பீடு. அதைவிட முக்கியமானது இன்னொன்று. புள்ளிகள் கையில் இல்லாவிட்டால் நீங்கள் 180 டாலர் விடுதியில்தான் தங்கியிருப்பீர்கள் என்றால், 250 டாலர் விடுதியைப் புள்ளிக்கு எடுத்துவிட்டு 250 டாலர் மிச்சம் என்று எழுதிக்கொள்வது உண்மையாகாது. மிச்சமாவது 180 டாலரில் கட்டணம் 30 போக 150 மட்டுமே. இழக்கும் புதிய புள்ளிகளைச் சேர்க்காமல் பார்த்தாலே ஒரு புள்ளியின் மதிப்பு 0.38 சென்டுக்கு இறங்கிவிடுகிறது. கூடுதல் வசதி உங்கள் குடும்பத்துக்கு உண்மையிலேயே பயன்படுமானால் அதற்காகப் புள்ளி செலவிடுவதில் தவறில்லை. அதை மிச்சம் என்று சொல்லாமல், அனுபவித்த வசதி என்று சொல்லிக்கொண்டால் அடுத்த பயணத்துக்கான முடிவும் தெளிவாக இருக்கும்.

வெவ்வேறு திட்டங்களின் புள்ளிகளை எண்ணிக்கையில் ஒப்பிடவே கூடாது. பரவலான மதிப்பீட்டின்படி ஹில்டன் புள்ளி அரை சென்ட் அளவிலும் ஹயாட் புள்ளி ஒன்றரை சென்டுக்கு மேலும் நிற்கின்றன. எனவே ஹயாட்டில் 15,000 புள்ளி கேட்கும் விடுதி, ஹில்டனில் 40,000 புள்ளி கேட்கும் விடுதியைவிட மலிவு என்று சொல்லிவிட முடியாது. அக்கோர் குழுமத்தின் திட்டத்தில் இந்தக் கணக்கே தேவையில்லை. அங்கே 2,000 புள்ளிகளுக்கு 40 யூரோ கழிவு என்று மதிப்பு நிலையாக இருக்கிறது; வாடகை குறைவாக இருக்கும் நாளில் எடுப்பதே அங்கே ஒரே உத்தி. ஹயாட் தன் விடுதிகளை 1 முதல் 8 வரை வகைப்படுத்தி, எந்த வகைக்கு எத்தனை புள்ளி என்ற அட்டவணையை வெளியிடுகிறது. ஹில்டனும் மேரியட்டும் நிலையான அட்டவணையைக் கைவிட்டுவிட்டதால், பண வாடகை ஏறும் பள்ளி விடுமுறை நாள்களில் அவற்றின் புள்ளிக் கணக்கும் ஏறும். அப்படிப்பட்ட நாள்களில் அட்டவணை உள்ள திட்டத்தின் புள்ளிக்குப் பலம் அதிகம். ஜப்பானைப் போல ஆள் எண்ணிக்கைக்கு ஏற்பப் பண வாடகை கூடும் இடங்களிலும், புள்ளி பெரும்பாலும் அறைக்கே கணக்கிடப்படுவதால் குடும்பத்துக்கு ஆதாயம் உண்டு.

கையிலிருந்து கட்டவேண்டிய கட்டணங்கள் எவை என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில், நியூயார்க் போன்ற நகரங்களில்கூட, வாடகைக்கு மேல் ‘வசதிக் கட்டணம்’ என்று ஒன்றைப் பல விடுதிகள் வசூலிக்கின்றன. முழுவதும் புள்ளியில் எடுத்த இரவுகளுக்கு ஹில்டனும் ஹயாட்டும் இதைத் தள்ளுபடி செய்கின்றன, மேரியட் செய்வதில்லை. நான்கு இரவுத் தங்கலில் இந்த வேறுபாடு சிறிய தொகையல்ல. பாரிஸ், ரோம் போன்ற நகரங்களில் உள்ளாட்சியின் சுற்றுலா வரி ஆளுக்கும் இரவுக்கும் கணக்கிடப்படுகிறது, புள்ளியில் தங்குபவரும் அதைக் கட்ட நேரும். பாரிஸில் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் ரோமில் 10 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் இந்த வரி இல்லை என்பது குடும்பங்களுக்கு ஆறுதல். காரில் போகிறவர்கள் நகர மைய விடுதிகளின் வண்டி நிறுத்தக் கட்டணத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

காலை உணவும் இந்தக் கணக்கில் வர வேண்டும். அடிக்கடி தங்கி, திட்டத்தில் உயர்நிலை பெற்ற உறுப்பினருக்குக் காலை உணவு இலவசம் என்று கேள்விப்பட்டவுடன் குடும்பம் முழுவதற்கும் என்று எண்ணிவிடக் கூடாது. ஹயாட்டின் குளோபலிஸ்ட் நிலையில் ஓர் அறையில் தங்கும் இரண்டு பெரியவர்களுக்கும் இரண்டு குழந்தைகளுக்கும் அது உண்டு. ஹில்டனின் கோல்டு, டைமண்ட் நிலைகளில், அமெரிக்காவுக்கு வெளியே, உறுப்பினருக்கும் அவரோடு தங்கும் இன்னொருவருக்கும் என்பதே விதி. அமெரிக்காவில் பல ஹில்டன் விடுதிகளில் உணவுக்குப் பதிலாக நாளொன்றுக்குக் குறிப்பிட்ட தொகையே கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. எந்த நிலையும் இல்லாதவர்கள், காலை உணவு வாடகையிலேயே அடங்கிய விடுதிகளைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

தொடர்ந்து ஐந்து இரவு தங்குபவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. மேரியட்டில் ஐந்து இரவுகளைப் புள்ளியில் எடுத்தால், அவற்றுள் குறைந்த புள்ளி கேட்கும் இரவு இலவசம். ஹில்டனில் சில்வர் நிலையும் அதற்கு மேலும் இருப்பவர்களுக்கு, அடிப்படை அறைக்கு ஐந்தாவது இரவு இலவசம். ஓர் இரவுக்கு 40,000 புள்ளி என்றால் 2,00,000 என்பது 1,60,000-ஆகக் குறையும். நான்கு இரவு போதும் என்று நினைத்திருந்தவர்கள் அதே புள்ளிக்கு ஐந்தாவது இரவையும் எடுத்துக்கொண்டு, கடைசி நாளில் குழந்தைகளை அவசரப்படுத்தாமல் கிளம்பலாம். மூன்று இரவுப் பயணத்தை இதற்காக ஐந்தாக நீட்டுவது மட்டும் வேண்டாம். மிச்சமாகும் புள்ளியைவிட இரண்டு நாள் சாப்பாட்டுச் செலவு கூடிவிடும்.

முன்பதிவும் அதற்குப் பிறகும்

புள்ளிகள் குடும்பத்தினர் கணக்குகளில் சிதறிக் கிடந்தால் அவற்றை ஒன்றுசேர்க்க வேண்டும். ஹில்டனில் 11 பேர் வரை கட்டணமின்றிப் புள்ளிகளை ஒன்றாக்கலாம். ஹயாட்டிலும் கட்டணமின்றி ஒருவருக்கொருவர் தரலாம், ஆனால் 30 நாளுக்கு ஒரு முறைதான். மேரியட்டில் ஓர் உறுப்பினர் ஆண்டுக்கு 1,00,000 புள்ளிகள் வரை மற்றொருவருக்கு மாற்றலாம். கடன் அட்டைப் புள்ளிகளை விடுதித் திட்டத்துக்கு மாற்ற நினைப்பவர்கள், அறை இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே மாற்ற வேண்டும். ஒருமுறை மாற்றிய புள்ளி அட்டைக்குத் திரும்பாது. சில மாற்றங்கள் உடனே முடியும், சில பல நாள்கள் எடுத்துக்கொள்ளும். அந்த இடைவெளியில் அறை போய்விட்டால், தேவையில்லாத திட்டத்தில் புள்ளிகள் முடங்கிவிடும்.

தேதி முடிவானவுடன், பயணத்துக்குப் பல மாதம் முன்பே, ரத்து செய்யக்கூடிய முன்பதிவு ஒன்றைச் செய்துவைப்பது நல்லது. நான்கு பேர் தங்கக்கூடிய அடிப்படை அறைகள் ஒவ்வொரு விடுதியிலும் சிலவே இருக்கும். மற்ற அறைகள் மிஞ்சியிருக்கும்போதே அவை தீர்ந்துவிடுகின்றன. பிறகு அவ்வப்போது அதே நாள்களைத் தேடிப் பார்க்க வேண்டும். புள்ளிக் கணக்கு இறங்கியிருந்தால் புதிதாக எடுத்து, உறுதிச் செய்தி வந்த பிறகு பழையதை ரத்து செய்யலாம். இதற்குக் கணக்கில் கூடுதல் புள்ளி இருக்க வேண்டும். இல்லாதவர்கள் பழையதை முதலில் விட வேண்டியிருப்பதால், அறைகள் நிறைய மிஞ்சியிருக்கும் நாளில் மட்டும் இதைச் செய்யலாம். ரத்து செய்யும் கடைசி நாள் விடுதிக்கு விடுதி மாறும். அது விடுதி இருக்கும் ஊரின் நேரப்படி கணக்கிடப்படுகிறது என்பதால், நாள்காட்டியில் ஒரு நாள் முன்னதாகவே குறித்துக்கொள்ளுங்கள்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது விடுதிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். எத்தனை பேர், குழந்தைகளின் வயது என்ன, எத்தனை கட்டில் தேவை, தொட்டில் வேண்டுமா, கூடுதல் கட்டிலுக்குக் கட்டணம் உண்டா, இணைந்த அறைகள் ஒதுக்கப்பட்டுவிட்டனவா, எத்தனை மணிக்கு வந்து சேர்வீர்கள் என்பனவற்றை ஒரே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். பதிலைக் கைபேசியில் சேமித்து வைத்தால், இரவுப் பணியில் இருப்பவருக்கு விவரம் தெரியாதபோது அதையே காட்டலாம். கிளம்பும் நாளுக்கு முந்தைய இரவே கணக்குச் சீட்டைக் கேட்டு வாங்கி, புள்ளியில் எடுத்த இரவுகளுக்கு வாடகையோ, தள்ளுபடி ஆகவேண்டிய வசதிக் கட்டணமோ, குழந்தைகளுக்கு விலக்கு உள்ள சுற்றுலா வரியோ ஏறியிருக்கிறதா என்று வரிவரியாகப் பாருங்கள். விடுதியில் இருக்கும்போதே கேட்டால் சில நிமிடத்தில் திருத்திவிடுவார்கள்; ஊர் திரும்பிய பிறகு அதே திருத்தத்துக்குப் பல வாரம் ஆகலாம்.